பக்குவமும் தேர்வும்

இன்னும் ஆகாத ஒரு பொருள் இப்போது எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்னும் வினா இந்திய மெய்யியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுவர் சிறுமியரை வரிசையில் நிறுத்தி, அவர்களுள் யார் பின்னாளில் தேர்ந்த கூடைப்பந்து ஆட்டக்காரராக வருவார் என்று முடிவு செய்யும் தேர்வாளர்கள், அறிந்தோ அறியாமலோ, அதே வினாவுக்குத்தான் ஆண்டுதோறும் விடை எழுதுகிறார்கள். அந்த விடை ஒரு குழந்தையின் அடுத்த பத்தாண்டுகளை வகுத்துவிடுவதால், அது எந்த அடிப்படையில் எழுதப்படுகிறது என்பது மெய்யியலும் சமயமும் விசாரிக்க வேண்டிய பொருளாகிறது. அவ்விசாரணைக்குக் காவிரிப் படுகை பொருத்தமான நிலம். தருமபுரம், திருவாவடுதுறை ஆதீனங்களின் வழியே சைவ சித்தாந்தம் பாடம் சொல்லப்பட்டு வந்த ஊர்களும், மாத்வ வேதாந்தத்தின் பேராசிரியர்கள் வாழ்ந்த கும்பகோணமும் இங்கே சில மணி நேரப் பயணத்துக்குள் அடங்குகின்றன. உயிரின் தகுதி எத்தகையது என்பதில் இவ்விரு மரபுகளும் எதிரெதிரான முடிவுகளைக் கொண்டவை.

முதலில் நடைமுறையைப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் தன் விளையாட்டு விடுதிகளுக்கு 7, 8, 9, 11 ஆகிய வகுப்புகளில் மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறது. தஞ்சாவூரில் அன்னை சத்யா விளையாட்டரங்கம் இருக்கிறது. மயிலாடுதுறையில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. தேர்வில் உயரம், ஓட்டம், தாண்டுதல், பந்தைக் கையாளும் திறன் ஆகியவை பார்க்கப்படுகின்றன. இவற்றுள் உயரத்துக்குக் கூடைப்பந்தில் தனி மதிப்பு உண்டு. வளையம் தரையிலிருந்து பத்து அடி, அதாவது 3.05 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அந்த மதிப்பு நியாயமானதும்கூட. ஆனால் ஆண் குழந்தைகள் பெரும்பாலும் 13, 14 வயதிலும், பெண் குழந்தைகள் ஏறத்தாழ இரண்டாண்டு முன்னதாகவும் மிக வேகமாக வளர்கிறார்கள். அவ்வேகம் உச்சத்தில் இருக்கும் ஓராண்டில் ஒரு சிறுவன் 8 முதல் 10 செ.மீ. வரை உயரக்கூடும். அவ்வளர்ச்சி ஒருவனுக்கு முன்னதாகவும் இன்னொருவனுக்கு ஓரிரு ஆண்டு பிந்தியும் வரும். ஒரே ஆண்டின் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வயதுப் பிரிவில் நிற்கிறார்கள். ஆகவே 7, 8, 9 ஆம் வகுப்புகளில் எடுக்கப்படும் அளவு ஒருவன் எவ்வளவு உயரமானவன் என்பதோடு, அவன் எவ்வளவு முன்னதாக வளரத் தொடங்கினான் என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. இரண்டையும் பிரித்துக் காட்ட அளவுகோலால் இயலாது.

தேர்வின் இலக்கு என்ன என்பதையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் கூடைப்பந்தால் பிழைப்பு என்பது நெடுங்காலமாகத் தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி போன்ற நிறுவன அணிகளில் ஆட்டத்தோடு கூடிய வேலையையே குறித்து வந்திருக்கிறது. பின்னர் தொடங்கப்பட்ட இந்திய தேசியக் கூடைப்பந்து லீக் (ஐ.என்.பி.எல்.) போட்டியில் சென்னை ஹீட் போன்ற அணிகளும் சேர்ந்தன. இத்தகைய அணியில் பன்னிருவர் இருந்தால் நட்சத்திரம் என்று சொல்லத்தக்கவர் ஒருவரோ இருவரோதான். எஞ்சியோர் எதிரணியின் சிறந்த வீரரைத் தடுப்பவராகவும், வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிப்பவராகவும், இருபது நிமிடம் ஆடித் தவறு செய்யாமல் வெளியேறுபவராகவும் இருந்து அணிக்குப் பயன்படுகிறார்கள். பயன்படும் ஆட்டக்காரரைத் தேடுவது நட்சத்திரத்தைத் தேடுவதைவிடக் கடினமானது. ஏனெனில் அவருடைய குணங்களான பொறுமை, இடம் அறிந்து நிற்றல், பிறர் ஆட்டத்தைப் படித்தல் ஆகியவை பதின்மூன்று வயதில் வெளியே தெரிவதே இல்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரி கணிதமேதை இராமாநுசனுக்கு 1904இல் உதவித்தொகை அளித்துப் பின்னர் நிறுத்தியதை இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கலாம். அவருடைய கணித ஆற்றலை அறிந்தே அது வழங்கப்பட்டது. எல்லாப் பாடத்திலும் தேற வேண்டும் என்ற விதியே அதைப் பறித்தது. ஒன்றில் ஆழ்ந்தவரை எல்லாவற்றிலும் சராசரியாக இருக்கச் சொல்லும் அளவுகோல் ஆடுகளத்திலும் உண்டு.

தேர்வாளரின் அறிவு எவ்வகை அறிவு என்று அளவையியல், அதாவது அறியும் வழிகளை ஆராயும் துறை, கேட்கும். சித்தாந்தம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்று அளவைகளை ஏற்கிறது. எதிர்காலத் திறம் கண்ணுக்குப் புலனாகாததால் அது காண்டலுக்கு உரியதன்று. கருதலுக்கு, அதாவது ஓர் அடையாளத்தைக் கொண்டு மறைந்திருப்பதை ஊகிப்பதற்கு, உரியது. புகையைக் கொண்டு நெருப்பை ஊகிப்பது செல்லுபடியாவது, நெருப்பின்றிப் புகை எங்கும் இல்லாததால்தான். அவ்வாறன்றி, துணியப்படும் பொருள் உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் காணப்படும் அடையாளத்தை அநைகாந்திகம் என்று அளவை நூலார் ஏதுப்போலிகளுள் ஒன்றாக வைத்தார்கள். காவிரி கடலில் கலக்கும் புகாரில் கதை தொடங்கும் மணிமேகலையின் 29ஆம் காதை இப்போலிகளை வகைப்படுத்திச் சொல்கிறது. உயரம் அத்தகைய ஏது. பஞ்சாபின் பல்லோ கே என்னும் சிற்றூரிலிருந்து வந்த சத்நாம் சிங், ஏறத்தாழ ஏழு அடி உயரத்தோடு 14 வயதில் அமெரிக்கப் பயிற்சிப் பள்ளிக்குச் சென்று, 2015இல் டல்லாஸ் மாவெரிக்ஸ் அணியால் 52ஆவது தேர்வாக எடுக்கப்பட்டார். இந்தியாவில் பிறந்து, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.யின் தேர்வில் இடம்பெற்ற முதல் வீரர் அவரே. ஆயினும் அந்தப் போட்டித் தொடரில் ஓர் ஆட்டத்தில்கூட அவர் களமிறங்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு 41ஆவது தேர்வாக எடுக்கப்பட்ட செர்பியாவின் நிக்கோலா யோக்கிச் 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் மிகச் சிறந்த வீரருக்கான விருதைப் பெற்றார். பல கோடி டாலர் செலவிட்டு, ஒவ்வோர் அசைவையும் படம்பிடித்து ஆராயும் அமைப்புகளே, பத்தொன்பது வயதைத் தாண்டியவர்களைப் பற்றி இவ்வளவு பிழைபட ஊகிக்கின்றன என்றால், ஒரு காலைப்பொழுதில் பதின்மூன்று வயதுக் குழந்தையைப் பற்றிச் சொல்லப்படும் ஊகம் எத்தகைய அடக்கத்தோடு சொல்லப்பட வேண்டும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இனி, திறம் குழந்தைக்குள் முன்பே இருக்கிறதா என்னும் வினா. நியாய வைசேடிகர் காரியம் தோன்றுமுன் இல்லை, புதிதாகவே தோன்றுகிறது என்றனர், இது அசற்காரியவாதம். சாங்கியரும் சித்தாந்திகளும் காரியம் காரணத்துள் நுண்ணிய நிலையில் முன்பே உள்ளது என்றனர், இது சற்காரியவாதம். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டாவது கொள்கை, பிறவித் திறமை என்ற பொதுப் பேச்சுக்கு இடம் கொடுப்பது போலத் தோன்றும். ஆனால் சித்தாந்தம் அதோடு நிற்பதில்லை. எக்காரியத்துக்கும் முதற்காரணம், துணைக்காரணம், நிமித்த காரணம் என மூன்று வேண்டும் என்று அது வற்புறுத்துகிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம். மண்ணில் குடம் சத்தியாக இருக்கிறது என்பது உண்மையே. எனினும் சக்கரமும் குயவரும் இல்லாத ஊரில் அந்த உண்மையைச் சோதித்துப் பார்க்க வழியில்லை.

இந்த மூன்றின் வேறுபாட்டை ஆடுகளத்தில் கொண்டுவந்து வைத்தால் தேர்வின் மிகப் பெரிய பிழை புலப்படும். குழந்தையின் உடலும் நாட்டமும் முதற்காரணம். பந்து, களம், சத்துணவு, ஆடக் கிடைக்கும் போட்டிகள் துணைக்காரணம். பயிற்றுநர் நிமித்த காரணம். வலங்கைமானிலோ ஒரத்தநாட்டிலோ மண் தரையில் கபடியும் கைப்பந்தும் ஆடி வளர்ந்து, கூடைப்பந்து வளையத்தைத் தேர்வன்றே அருகில் பார்க்கும் ஒரு பிள்ளை பந்தைத் தட்டத் தெரியாமல் தடுமாறும்போது, தேர்வாளர் கண்ணில் படுவது துணைக்காரணத்தின் இன்மை. முதற்காரணமே இல்லை என்று அதை எழுதிவிடுவது காரண விசாரணையில் பிழை. அப்பிழையின் விலையைக் கொடுப்பது அந்தப் பிள்ளை. நகரத்துப் பள்ளியில் சிமென்ட் களத்தில் நான்கு ஆண்டு ஆடியவரின் நேர்த்தியில் மூன்று காரணங்களும் கலந்திருக்கின்றன; அதில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு களத்துடையது என்று ஒரு காலைப்பொழுதில் பிரித்தெடுக்க முடியாது. சித்தாந்தம் ஒரு பொருளின் இலக்கணத்தைத் தடத்தம், சொரூபம் என இரண்டாகப் பிரிக்கிறது. பிறவற்றின் சார்பால் அமைந்த இயல்பு தடத்தம், தனக்கே உரிய இயல்பு சொரூபம். மெய்கண்டாரின் சிவஞானபோதம் தன் பன்னிரண்டு சூத்திரங்களையும் இவ்வடிப்படையிலேயே பொது, உண்மை என இரு பகுதியாக அமைத்திருக்கிறது. தேர்வு அட்டையில் எழுதப்படும் ஒவ்வோர் எண்ணும் தடத்தம்.

இதற்கு எதிரான கொள்கையையும் நேர்மையோடு எடுத்துரைக்க வேண்டும். 16ஆம் நூற்றாண்டில் கும்பகோணத்தில் வாழ்ந்த விஜயீந்திர தீர்த்தர், மத்துவாசாரியரின் துவைத மரபை நிலைநாட்டிய பேரறிஞர். ராகவேந்திர தீர்த்தர் பயின்றதும் அவ்வூரிலேயே. அம்மரபின்படி உயிர்கள் தம்முள் இயல்பிலேயே ஏற்றத்தாழ்வு உடையவை. வீடுபேற்றுக்கு உரியன, என்றும் பிறவியில் உழல்வன, இருளுக்கு உரியன என மூவகைப்படும். இந்த யோக்கியதை, அதாவது உள்ளார்ந்த தகுதி, மாறாதது. இக்கொள்கைக்கு ஒரு வலிமை உண்டு: உலகில் கண்கூடாகத் தெரியும் வேறுபாடுகளை அது மழுப்புவதில்லை, எல்லாரும் எல்லாமும் ஆகலாம் என்ற மலிவான ஆறுதலை அது சொல்வதில்லை. ஐந்தரை அடியில் வளர்ச்சி நின்றுவிட்டவர் எவ்வளவு உழைத்தாலும் வளையத்தடியில் நின்று ஆடும் சென்டர் ஆவது அரிது என்பதை மறுப்பவர் எவருமில்லை. ஆனால் துவைத ஆசிரியர்களே அந்த யோக்கியதையை முழுதும் அறிபவன் இறைவன் என்றுதான் கொண்டார்கள்; ஒரு மனிதர் இன்னொருவரின் நெற்றியைப் பார்த்துப் படித்துவிடலாம் என்று சொல்லவில்லை. தகுதி மாறாதது என்னும் கொள்கையை ஏற்றாலும், அது மனிதக் கண்ணுக்குத் தெரியும் என்னும் துணிவு அதிலிருந்து பிறக்காது.

சித்தாந்தமோ எந்த உயிரும் இயல்பால் வீடுபேற்றுக்குத் தகுதியற்றதன்று என்கிறது. வேறுபாடு பக்குவத்தில் இருக்கிறது. உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலம் நீங்கும் நிலைக்கு முதிர்வதை மலபரிபாகம் என்றும், அப்போது அருள் பதிவதைச் சத்திநிபாதம் என்றும் அது கூறும். அச்சத்திநிபாதம் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நான்கு படியாக நிகழ்கிறது. மந்ததரத்தில் இருப்பவர் விலக்கப்பட்டவர் அல்லர். அவருக்குரிய தீக்கையும் பயிற்சியும் வேறு, காலம் வேறு, அவ்வளவே. சீகாழியில் மூன்று வயதில் பாடத் தொடங்கியதாகப் பெரியபுராணம் சொல்லும் ஞானசம்பந்தரும், சமண சமயத்தில் தருமசேனராக நெடுங்காலம் இருந்து, தமக்கை திலகவதியாரின் அன்பால் திரும்பி வந்த நாவுக்கரசரும் ஒரே திருக்கூட்டத்தில் வைத்து வணங்கப்படுகிறார்கள். ஐந்து வயது வரை பேசாதிருந்ததாக மரபு கூறும் குமரகுருபரர் பின்னர் தருமபுரத்தில் மாசிலாமணி தேசிகரின் மாணாக்கரானார். முந்தி மலர்ந்தவரை அளவாக வைத்துப் பிந்தி மலர்ந்தவரை ஒதுக்கியிருந்தால் இந்நிலத்தின் சமய வரலாற்றில் பாதி இருந்திராது.

படுகையின் உழவர் இதைத் தம் தொழிலிலேயே அறிவர். குறுவைக்கு விதைக்கும் ஆடுதுறை 43 ஏறத்தாழ 110 நாளில் அறுவடைக்கு வரும். சம்பாவுக்கு விதைக்கும் சி.ஆர். 1009 ஐந்து மாதத்துக்கு மேல் எடுக்கும். 110ஆம் நாளில் சம்பா வயலைப் பார்த்துக் கதிர் முற்றவில்லை என்று எவரும் பயிரை அழிப்பதில்லை. ஆனால் உழவருக்குத் தாம் இட்ட விதை எது என்று தெரியும். தேர்வாளருக்கு அது தெரியாது என்பதே அவருடைய நிலைமையின் துயரம். அவர் முன் நிற்கும் வரிசையில் குறுவையும் சம்பாவும் கலந்து நிற்கின்றன.

இத்தகைய இடத்தில் தேர்வாளருடைய அகநிலையும் விசாரணைக்கு உரியதாகிறது. மெய்கண்டார் குழந்தைப் பருவத்திலேயே உபதேசம் செய்வதைக் கேள்வியுற்ற அவர் குடும்பத்தின் குலகுரு சகலாகம பண்டிதர், அதைச் சோதிக்க வந்து, ஆணவ மலத்தின் வடிவம் யாது என்று நின்றபடி வினவினார் என்றும், குழந்தை விடை கூறாமல் அவரையே நோக்கியது என்றும், அந்த நோக்கில் தம் நிலையை உணர்ந்து அவர் அடிபணிந்து அருணந்தி சிவாசாரியர் ஆனார் என்றும் மரபு சொல்கிறது. ஆகமங்கள் அனைத்தையும் கற்றதால் அப்பெயர் பெற்றவர் அவர், கல்வியில் குறையில்லை. மதிப்பிடுபவரின் தன்முனைப்பு, மதிப்பிடப்படுபவரின் அறியாமையைக் காட்டிலும் பெரிய மறைப்பாக இருக்கக்கூடும் என்பதைச் சித்தாந்தம் தன் சந்தான வரலாற்றின் தொடக்கத்திலேயே வைத்திருக்கிறது. முப்பது ஆண்டு அனுபவம் உள்ள பயிற்றுநர் ஒரு குழந்தையைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன் என்று பெருமிதம் கொள்ளும்போது நினைக்கத்தக்க வரலாறு அது.

அதனினும் ஆழமான ஒன்று உண்டு. உயிர் தான் எதைச் சார்கிறதோ அதன் தன்மையாக ஆகும் இயல்புடையது என்பது சித்தாந்தத்தின் அடிப்படைகளுள் ஒன்று. சார்ந்ததன் வண்ணமாதல் என்று இதைச் சொல்வர். இவ்வியல்பை ஏற்றால், தேர்வு என்பது ஏற்கெனவே இருப்பதைக் கண்டுபிடிக்கும் செயல் மட்டுமாக இருக்க முடியாது. தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளை விடுதியையும் நல்ல உணவையும் தேர்ந்த தோழரையும் சார்கிறது. விடப்பட்ட பிள்ளை, தான் எதற்கும் ஆகாது என்ற எண்ணத்தைச் சார்கிறது. ஐந்தாண்டு கழித்து இருவரையும் ஒப்பிட்டு, அன்று சொன்னது சரியாயிற்று என்று தேர்வாளர் மகிழ்வாரானால், தாம் உண்டாக்கிய காரியத்தைத் தாம் கண்ட உண்மையாகக் கருதுகிறார். தேர்வு தானே ஒரு நிமித்த காரணம். எனவே அது அறச்செயல், அதற்குப் பொறுப்பு உண்டு. பி. அனிதா 19 வயதில் இந்திய மகளிர் அணிக்குத் தலைமை ஏற்று, தாயான பின்னும் திரும்பி வந்து, 2017இல் ஆசியக் கோப்பையின் 'பி' பிரிவை வென்ற அணிக்குத் தலைவியாகி, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அந்த நீண்ட வாழ்வில் அவருக்குள் இருந்தது எவ்வளவோ, அவர் சார்ந்து நின்ற அணிகளும் பயிற்றுநர்களும் குடும்பமும் தந்தது அவ்வளவு. எந்த வயதில் எந்த அளவுகோல் அதைச் சொல்லியிருக்கும்?

இங்கே ஒரு வலுவான தடை எழும். சித்தாந்தத்தின் காலம் பல பிறவிகளுக்கு நீள்வது. விளையாட்டில் ஒருவர் உருவாகும் காலமோ பன்னிரண்டிலிருந்து இருபது வயது வரை. விடுதியில் இடம் இத்தனை என்று வரையறை உண்டு; ஒருவரை எடுத்தால் ஒருவரை விட்டே ஆக வேண்டும். இத்தடை உண்மையானது, இதற்கு அருள் கொள்கை மட்டும் விடையாகாது. ஆனால் தெரியாததைத் தெரிந்ததுபோல் நடிக்காமல் தேர்ந்தெடுக்கும் முறை ஒன்று சோழர் காலத்திலேயே இருந்தது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் எடுக்கும் விதியைக் கூறுகின்றன. நிலம், மனை, கல்வி, 35க்கு மேல் 70க்குள் வயது என்று முதலில் தகுதி வரையறுக்கப்பட்டது; தகுதி உடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஏதும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அது பிராமணருக்கு அளிக்கப்பட்ட பிரமதேய ஊரின் ஏற்பாடு. பெண்களுக்கும் பிற சாதியாருக்கும் அதில் இடமில்லை என்பதை மறைக்கக் கூடாது. ஆயினும் அதன் தருக்கம் மதிக்கத்தக்கது: அறியக்கூடியதை அளவிட்டு வரையறுத்தார்கள், அறிய இயலாததைத் தீர்ப்பாகச் சொல்லாமல் சீட்டுக்கு விட்டார்கள். அமெரிக்க என்.பி.ஏ.யும் எந்த அணி முதலில் தேர்ந்தெடுக்கலாம் என்பதை 1985 முதல் குலுக்கலால் முடிவு செய்கிறது.

விடுதித் தேர்வில் ஐயத்துக்கு இடமின்றி முன்நிற்கும் சிலரும், ஆட்டத்தில் நாட்டமே இல்லாத சிலரும் இருப்பர். அவர்களைப் பற்றி விவாதம் இல்லை. இடையில் நிற்கும் பெருந்தொகையினரிடையே உள்ள வேறுபாடு, அளவீட்டின் பிழையைக் காட்டிலும் சிறியது. அவர்களை முதல், இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்துவது, குடத்தை மறைத்து வைத்துக்கொண்டு சீட்டெடுப்பதேயாகும். வெளிப்படையாகச் சீட்டெடுத்தால், விடப்பட்ட பிள்ளைக்கு உனக்குத் திறம் இல்லை என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை. இம்முறை இடம் இல்லை என்று மட்டும் சொல்லலாம், அது உண்மையும்கூட. உழைத்தவரை இது அவமதிக்கும் என்று சிலர் கருதலாம். உழைப்பு தெரியும் அளவுக்கு வேறுபாடு பெரிதாக இருந்தால் அவர் இடைத்தொகையில் நிற்கமாட்டார். சித்தாந்தியோ, தற்செயல் என்று ஒன்று இல்லை, அவரவர் வினைப்பயனை அவரவருக்கு வரையறுக்கும் நியதி தத்துவம் உண்டு என்பார். அதை ஏற்றாலும், வினை தானே வந்து பயன் தருவதில்லை, அறிவுடைய ஒருவன் கூட்டுவிக்க வேண்டும் என்பதும் அவருடைய கொள்கையே. எனவே விதி என்று சொல்லிவிட்டுத் தேர்வாளர் கைகழுவ அது இடம் தராது.

இறையியல் பயின்ற ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் இவ்விளையாட்டை அமைத்தது, குளிர்காலத்தில் உள்ளரங்கில் அடங்காமல் இருந்த 18 மாணவர் அடங்கிய ஒரு வகுப்பு முழுவதும் ஆடுவதற்காக; அவர்களுள் எவரையும் அவர் கழிக்கவில்லை. 1920இல் சென்னையில் ஹாரி க்ரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியும் அதே இயக்கத்தின் கிளை. தேர்வும் கழிவும் பின்னர் வந்தவை; வந்துவிட்ட பிறகு அவற்றைச் செம்மையாகச் செய்யும் கடமை இருக்கிறது. 11ஆம் வகுப்பில் மீண்டும் திறக்கும் சேர்க்கை அதற்கு ஏற்ற வாயில். 8ஆம் வகுப்பில் விடப்பட்ட ஒவ்வொரு பிள்ளையின் உயரமும் பிறந்த மாதமும் ஆடத் தொடங்கிய ஆண்டும் எழுதப்பட்டு அவரவர் பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம் அனுப்பப்பட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வளர்ச்சி குறிக்கப்பட வேண்டும். 11ஆம் வகுப்புச் சேர்க்கையின்போது அப்பட்டியலில் உள்ள அனைவரும், விண்ணப்பித்தாலும் விண்ணப்பிக்காவிட்டாலும், பெயர் சொல்லி அழைக்கப்பட வேண்டும்.